சோலார் பம்பு கன்ட்ரோலர் ஏன் எரிகிறது? கனெக்டர் வாங்கும்போது ஆம்பியரை மட்டும் பார்த்தால் போதாது

கடந்த மாசி மாதம் கனகசெட்டிக்குளத்தில் ஒரு மணிலா வயலுக்குப் போயிருந்தேன். இலையில் புள்ளி விழுகிறது, வந்து பாருங்கள் என்று விவசாயி அழைத்திருந்தார். போய்ப் பார்த்தால் டிக்கா இலைப்புள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. ஆனால் செடி முழுக்க வாடி நின்றது. மார்கழிப் பட்டத்தில் விதைத்த பயிர், விழுது மண்ணுக்குள் இறங்கும் பருவம். நிலமோ கடலோர மணற்பாங்கு. அந்தப் பருவத்தில் ஒரு வாரம் தண்ணீர் இல்லாமல் தாங்காது. கடைசியாகத் தண்ணீர் பாய்ச்சி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"மோட்டார் நல்லா இருக்கு சார். பேனலும் நல்லா இருக்கு. பெட்டிதான் எரிஞ்சு போச்சு" என்றார்.

பெட்டி என்று அவர் சொன்னது 5 எச்.பி. சோலார் பம்பின் கன்ட்ரோலரை. கதவைத் திறந்ததும் கருகல் வாடை அடித்தது. உள்ளே இருந்த சர்க்யூட் போர்டில் பெரும்பகுதி புதிது போலவே இருந்தது. பேனலிலிருந்து வரும் பிளஸ் வயரும் மைனஸ் வயரும் வந்து சேரும் பச்சை நிற டெர்மினல் பிளாக் மட்டும் உருகி, அதன் அடியில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் போர்டு கரியாகியிருந்தது.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. பழைய கனெக்டரில் ஸ்க்ரூ தேய்ந்து போனதால், ஓராண்டுக்கு முன் உள்ளூர் மெக்கானிக் ஒருவர் அதை மாற்றியிருக்கிறார். பழையதன் கால்கள் அகலமாக இருந்திருக்கின்றன. அதே அளவு கடையில் கிடைக்காததால், சிறியதாக ஒன்றை வாங்கி, ஒரு காலைப் பழைய ஓட்டையில் பொருத்தி, மறு காலுக்கு ஒரு சிறு வயர்த் துண்டு கொடுத்து இணைத்திருக்கிறார். கிடைக்காத உதிரிக்கு நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். சால்டரிங் சுத்தமாகவே இருந்தது. போட்டது 10 ஆம்பியர் தாங்கும் கனெக்டர், அதில் ஓடுவது 9 ஆம்பியருக்கும் குறைவு. ஆம்பியர் கணக்கில் தவறே இல்லை. வோல்ட் கணக்கைத்தான் யாரும் போடவில்லை.

நான் மின்பொறியியல் படித்ததில்லை. மண்ணும் பயிரும்தான் என் படிப்பு. ஆனால் கடந்த சில ஆண்டுகளாக வயலுக்குப் போகும்போதெல்லாம் பயிரைப் பற்றிய கேள்விக்கு முன்னால் இந்தப் பெட்டியைப் பற்றிய கேள்வி வந்துவிடுகிறது. அதனால் வேளாண் பொறியியல் பிரிவு நண்பர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டதையும், கருகிய போர்டுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். விவசாயிகள் தாங்களே கன்ட்ரோலரைப் பிரித்து வேலை செய்வதற்காக இதை எழுதவில்லை. மெக்கானிக் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று சரியான கேள்வி கேட்பதற்காக எழுதுகிறேன்.

230 அல்ல, 690

நம் கைக்குப் பழக்கமான மின்சாரம் 230 வோல்ட். மோட்டார் கொட்டகையில் மூன்று பேஸ் என்றால் 415 வோல்ட். சோலார் பெட்டிக்குள் எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிடலாம்.

5 எச்.பி. பம்புக்கு மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் அளவுப்படி 4,800 வாட் பேனல் வேண்டும். 330 வாட் பேனல் என்றால் 15 பேனல். ஒவ்வொரு பேனலின் பின்புறமும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 'ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ்' என்ற வரியைப் பாருங்கள். இந்த வகைப் பேனலில் ஏறத்தாழ 46 வோல்ட் என்று இருக்கும். மூன்று பேஸ் ஏசி மோட்டாரை ஓட்டுவதற்கு உயர்ந்த டிசி வோல்ட் தேவை என்பதால் 15 பேனலையும் ஒரே வரிசையாகக் கோத்துவிடுகிறார்கள். 15 × 46 = 690 வோல்ட்.

மோட்டார் ஓடும்போது இது 560 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். மோட்டார் நிற்கும்போது மறுபடி 690-க்கு ஏறும். அதாவது பம்பு ஓடாமல் சும்மா நிற்கும் நேரத்தில்தான் கனெக்டர் மீது வோல்ட் சுமை அதிகம். மேலும், ஸ்டிக்கரில் உள்ள அளவு பேனல் 25 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது எடுத்தது. பேனல் ஒரு டிகிரி குளிர்ந்தால் வோல்ட் சுமார் 0.3 சதவீதம் கூடும். தை, மாசி மாதங்களில் பனி விலகி முதல் வெயில் பேனலில் படும் நேரத்தில் 700-ஐத் தாண்டுவது சாதாரணம்.

எரிந்துபோன பச்சைக் கனெக்டரின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்தது: 300 வோல்ட், 10 ஆம்பியர்.

இப்போது வரும் 540 வாட் பேனல்களில் கதை சற்று மாறும். 10 பேனல் போதும் என்பதால் வோல்ட் 500 அளவுக்குக் குறையும். ஆனால் ஆம்பியர் 13-க்குப் போய்விடும். பழைய பெட்டிக்கு வாங்கிய உதிரியை அங்கே போட்டால் இரண்டு கணக்கிலும் அடி வாங்கும்.

கரண்ட் எந்த வழியாகத் தாண்டுகிறது?

300 வோல்ட் கனெக்டர் 690 வோல்ட்டில் முதல் நாளே வெடித்திருக்க வேண்டாமா என்று விவசாயி கேட்டார். நியாயமான கேள்வி. ஓராண்டு தாங்கியிருக்கிறதே!

உலர்ந்த சுத்தமான காற்று ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் தாங்கும் என்பது பாடநூல் கணக்கு. அதன்படி பார்த்தால் 690 வோல்ட்டுக்குக் கால் மில்லிமீட்டர் இடைவெளி போதும். சிறிய கனெக்டரிலேயே அதைவிடப் பத்து மடங்கு இடைவெளி இருக்கிறது. ஆகவே கரண்ட் காற்றைத் தாண்டிக் குதிக்கவில்லை. பிளாஸ்டிக்கின் மேலும் போர்டின் மேலும் ஊர்ந்துதான் போயிருக்கிறது. நெல் வயலில் வரப்பின் மேல் வழிந்தா தண்ணீர் போகிறது? நண்டு வளை வழியாகத்தானே போகிறது. அதே மாதிரிதான்.

கனகசெட்டிக்குளத்தில் கடல் கூப்பிடு தூரம். காற்றில் வரும் உப்பு எல்லாவற்றின் மீதும் படிகிறது. சமையல் உப்பு காற்றில் 75 சதவீத ஈரப்பதம் வந்தால்தான் கசியும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் போர்டின் மீது படியும் உப்புப் படலம் வெயில் ஏறாத நேரமெல்லாம் ஈரமாகவே இருக்கும். உப்புத் தண்ணீர் கரண்டைக் கடத்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையில் மிகச் சிறிய அளவில் கரண்ட் கசியும். அந்தக் கசிவின் சூட்டில் படலம் ஓரிடத்தில் உலர்ந்து அறுபடும். அறுந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்று தாவும். பொறி பட்ட இடம் கொஞ்சம் கருகும். கரி கரண்டைக் கடத்தும். மறுநாள் பனியில் மறுபடி ஈரம், மறுபடி கசிவு, மறுபடி பொறி. கரிக்கோடு வேர் இறங்குவது போல ஒரு முனையிலிருந்து மறுமுனையை நோக்கி நாள்தோறும் வளரும். இரண்டும் தொட்டுக்கொள்ளும் நாளில் ஒரே வீச்சில் தீப்பிடிக்கும். அது பெரும்பாலும் மோட்டார் நின்றிருக்கும் காலை வேளையாக இருக்கும். இவர் பெட்டியும் காலை ஏழு மணிக்குத்தான் புகைந்திருக்கிறது.

எவ்வளவு இடைவெளி வேண்டும்?

இதற்கு உலக அளவில் ஒரு தரநிலை உண்டு, ஐ.இ.சி. 60664-1. அது மூன்று விஷயங்களைக் கேட்கிறது. வோல்ட் எவ்வளவு? மேற்பரப்பு எந்தப் பொருள்? சுற்றுப்புறம் எவ்வளவு அழுக்கு?

அழுக்கைத் தரம் பிரித்திருக்கிறார்கள். அலுவலக அறை போல, எப்போதாவது மட்டும் ஈரம் படியும் இடம் 2-ஆம் தரம். கரண்ட் கடத்தும் தூசியோ, தினமும் ஈரமாகும் தூசியோ உள்ள இடம் 3-ஆம் தரம். கடலோர வயலில் கதவு சரியாக மூடாத பெட்டி தயக்கமில்லாமல் 3-ஆம் தரம்தான். பொருளையும் இப்படியே பிரித்திருக்கிறார்கள். நல்ல கனெக்டர்களின் பிளாஸ்டிக் முதல் வகையில் வரும், எளிதில் கரிக்கோடு விழாது. ஆனால் கனெக்டர் உட்காரும் போர்டு, எஃப்.ஆர்.4 என்ற கண்ணாடி நார்ப் பலகை, பெரும்பாலும் கடைசி வகை. எவ்வளவு நல்ல கனெக்டர் வாங்கினாலும் அடியில் உள்ள போர்டுதான் முதலில் தோற்கும். இதைப் பலரும் கவனிப்பதில்லை.

690 வோல்ட்டுக்குப் பாதுகாப்பாக 800 வோல்ட் வரிசையைப் பார்த்தால், இந்தப் போர்டில் 2-ஆம் தர அழுக்குக்கு 8 மில்லிமீட்டரும் 3-ஆம் தர அழுக்குக்கு 12.5 மில்லிமீட்டரும் இடைவெளி வேண்டும். எரிந்துபோன கனெக்டரில் ஒரு காலின் நடுவிலிருந்து மறு காலின் நடுவுக்கு 5.08 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இதைத்தான் கடையில் 'பிட்ச்' என்கிறார்கள். சந்தையில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பகுதி இந்த அளவுதான். கால்களைச் சுற்றியுள்ள ஈய வளையங்களைக் கழித்தால் வெறும் போர்டு மிஞ்சுவது சுமார் 2.5 மில்லிமீட்டர். தேவையில் ஐந்தில் ஒரு பங்கு!

அடுத்த அளவுகள் 7.62, 10.16. இரட்டை அளவான 10.16-ஐ வாங்கினாலும் வளையங்கள் போக ஏழரை மில்லிமீட்டர்தான் தேறும். 3-ஆம் தரத்துக்கு அதுவும் பற்றாது. நல்ல கன்ட்ரோலர்களில் இதற்காகவே இரண்டு கால்களுக்கும் நடுவில் போர்டை நீளவாக்கில் அறுத்து ஒரு பிளவு விட்டிருப்பார்கள். ஊர்ந்து வரும் கரண்ட் அந்தப் பிளவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், தூரம் கூடும். மெக்கானிக்குகள் சிலர் அந்தப் பிளவை உடைசல் என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அடைக்க வேண்டாம்.

எளிய வழி ஒன்றும் இருக்கிறது. 7.62 பிட்ச்சில் மூன்று கால் கனெக்டரை எடுத்து, நடுக்காலை வெட்டிவிட்டு ஓரத்துக் கால்கள் இரண்டையும் பயன்படுத்துவது. நடுவிலிருந்து நடுவுக்கு 15.24, வளையம் போக 12.7 மில்லிமீட்டர். கணக்குச் சரியாக வந்துவிடும். போர்டில் இடம் இருந்தால் இதை மெக்கானிக்கிடம் சொல்லிப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் போர்டின் மேல் பூசும் கன்ஃபார்மல் கோட்டிங் என்ற மெல்லிய பூச்சு கடலோரத்தில் நல்ல காப்பு. ஆனால் உப்பைத் துடைக்காமல் பூசினால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியது போல ஆகிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலர்த்தி, பிறகே பூச வேண்டும். நகப்பூச்சு, வார்னிஷ் இதற்கு மாற்று அல்ல. ஸ்க்ரூ இறுகும் உலோகப் பகுதியில் பூச்சு படவும் கூடாது.

என்னைக் கேட்டால்

வயலிலிருந்து வரும் வயரை நேராகச் சர்க்யூட் போர்டில் கொண்டுபோய் முடுக்குவதே வேண்டாம் என்பேன். ஒவ்வொரு முறை பழுது பார்க்கும்போதும் அந்த ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டுகிறோம், வயரை இழுக்கிறோம், போர்டின் ஈயப்பற்று விரிசல் விடுகிறது. அதற்குப் பதில் பெட்டியின் அடிப்பகுதியில் டின் ரெயில் என்ற இரும்புப் பட்டையில், 1,000 வோல்ட் டிசி என்று குறிப்பிட்ட டெர்மினல்களைப் பொருத்தி, பிளஸ்ஸையும் மைனஸையும் சேர்த்து வைக்காமல் இடையில் ஒரு தடுப்புத் தகடு விட்டு இணைக்கலாம். அங்கிருந்து போர்டுக்கு ஒரு அடி நீளத்தில் நிரந்தர வயர் போகும். கழற்றி மாட்டும் வேலையெல்லாம் வெளி டெர்மினலோடு நின்றுவிடும். அது கருகினாலும் மாற்றுவது எளிது, செலவும் சொற்பம். போர்டு கருகினால் பெட்டிக்கே விலை கொடுக்க வேண்டும்.

வயர் முனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இழைகள் பிரியாமல் இருக்க முனையில் ஈயம் ஏற்றி ஸ்க்ரூவில் முடுக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் ஈயம் மெத்தென்ற உலோகம். அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி விலகும், ஸ்க்ரூ தானாகவே தளர்ந்துவிடும். முனைக்குப் பின் லக் மாட்டி, அதற்குரிய கருவியால் அழுத்தித்தான் முடுக்க வேண்டும்.

கடையில் கேட்கும்போது 'பச்சை டெர்மினல், 10 ஆம்ப்ஸ்' என்று மட்டும் கேட்டால் கிடைப்பது அதுதான். சென்னை ரிச்சி தெருவில் கேட்டாலும், இணையத்தில் வாங்கினாலும், பிட்ச் அளவையும் வோல்ட்டையும் சேர்த்துக் கேளுங்கள். பெயர் பெற்ற நிறுவனங்களின் விவரத்தாளில் ஒரே கனெக்டருக்கு இரண்டு மூன்று வோல்ட் மதிப்புகள் போட்டிருப்பார்கள். குழம்ப வேண்டாம். அழுக்குத் தரத்துக்கு ஏற்ப மதிப்பு மாறும், அவ்வளவுதான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ரோம எண், சாய்கோடு, சாதாரண எண் என்று ஒரு குறி இருக்கும். சாய்கோட்டுக்குப் பின் 3 உள்ளதுதான் நம் வயலுக்கு உரியது. அதுதான் இருப்பதிலேயே குறைந்த மதிப்பாகவும் இருக்கும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது மற்றதை.

பேனலுக்கு அடியில்

பெட்டிக்குள் நடப்பதைச் சொன்னேன். பேனலுக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் கறுப்பு நிற எம்.சி.4 கனெக்டர்களிலும் இதே வோல்ட்தான். சுவிட்சர்லாந்தின் மல்டி-கான்டாக்ட் நிறுவனம் கொண்டுவந்த வடிவம் அது. பெயரில் உள்ள 4, உள்ளே இருக்கும் ஊசியின் 4 மில்லிமீட்டர் விட்டத்தைக் குறிக்கும். இன்று அதே வடிவத்தில் பல நிறுவனங்கள் செய்கின்றன. ஒன்றில் மற்றொன்று 'டக்' என்று பொருந்தவும் செய்யும். சிக்கலே அங்கேதான். வெளியே பொருந்தினாலும் உள்ளே உலோகப் பூச்சும் ஸ்பிரிங் அழுத்தமும் வேறு வேறாக இருக்கலாம். ஒரு பாதி ஒரு கம்பெனி, மறு பாதி வேறு கம்பெனி என்று சேர்ப்பதைத் தயாரிப்பாளர்களே ஏற்பதில்லை. ஒன்று கெட்டால் ஜோடியாகவே மாற்றுங்கள்.

இதில் ஆம்பியர் கணக்குதான் முக்கியம். நன்றாக அழுத்திய எம்.சி.4 இணைப்பின் மின்தடை ஓம் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 9 ஆம்பியர் ஓடினாலும் சூடு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதே இணைப்பைக் கட்டிங் பிளேயரால் நசுக்கி மாட்டி, உப்புக் காற்றில் களிம்பேறி மின்தடை அரை ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 9 × 9 × 0.5, அதாவது 40 வாட். சால்டரிங் அயர்னின் சூடு அது! அதைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் காலை முதல் மாலை வரை வைத்தால் என்ன ஆகும்? எம்.சி.4-க்கு என்று தனி கிரிம்பிங் கருவி இருக்கிறது. அது இல்லாத மெக்கானிக்கை அந்த வேலைக்கு விடாதீர்கள். ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம்.

சூட்டைக் கண்டுபிடிக்கக் கையால் தொட்டுப் பார்க்கக் கூடாது. தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் இன்ஃப்ராரெட் வெப்பமானி போதும். நண்பகலில் பம்பு ஓடும்போது ஒவ்வொரு இணைப்பாகக் காட்டிப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவில் இருக்க, ஒன்று மட்டும் 10, 15 டிகிரி கூடக் காட்டினால் அதுதான் நோயாளி. கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய கருவி இதற்கு உதவாது, அது உடல் வெப்பத்துக்கு மேல் அளக்காது.

உப்பு ஏறாமல் இருக்க இணைப்புக்குள் கிரீஸ், வாஸ்லின், துரு நீக்கும் ஸ்பிரே போடுகிறவர்களைப் பார்க்கிறேன். சில எண்ணெய்கள் அந்தப் பிளாஸ்டிக்கை வெடிக்கச் செய்துவிடும். இணைப்பு தரையில் கிடக்காமலும், மழைநீர் தேங்கும் பள்ளத்தில் தொங்காமலும் பேனல் சட்டத்தோடு கட்டி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

உயிருக்கு ஆபத்தான இடம்

ஏசி மின்சாரம் ஒரு நொடிக்கு நூறு முறை பூஜ்ஜியத்தைத் தொட்டு வரும். ஸ்விட்சைப் பிரிக்கும்போது எழும் பொறி அந்த இடைவெளியில் அணைந்துவிடுகிறது. டிசி-யில் பூஜ்ஜியமே கிடையாது. பம்பு ஓடும்போது எம்.சி.4-ஐ இழுத்துப் பிரித்தால், பிரிந்த இடத்தில் தீ நின்று எரியும். கையில் இருப்பதை உதறக்கூட நேரம் இருக்காது.

ஆகவே வரிசை இதுதான். முதலில் கன்ட்ரோலரை நிறுத்த வேண்டும். பிறகு டிசி ஐசொலேட்டரைத் திருப்பி அணைக்க வேண்டும். அதன் பிறகே எந்த இணைப்பையும் பிரிக்கலாம். அப்போதும் கன்ட்ரோலரின் உள்ளே கை வைக்கக் கூடாது. அதிலுள்ள கெபாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும். பெட்டியின் மேல் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். எழுத்து அழிந்திருந்தால் பத்து நிமிடமாவது காத்திருந்து, 1,000 வோல்ட் டிசி அளக்கும் மல்டிமீட்டரால் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். பகல் வெளிச்சம் இருக்கும்வரை பேனல் பக்கத்து வயரில் முழு வோல்ட் இருந்துகொண்டே இருக்கும், அதை எந்த ஸ்விட்சும் அணைக்காது.

ஐசொலேட்டர் டிசி-க்கு உரியதா என்று பாருங்கள். கடையில் கிடைத்த ஏசி எம்.சி.பி.-யைப் பொருத்தியிருந்தால் அது அணைவது போலத் தெரிந்தாலும் உள்ளே பொறி அணையாது.

பெட்டியும் புயலும்

அமைச்சக விதிப்படி கன்ட்ரோலருக்கு ஐ.பி. 65 காப்பு இருக்க வேண்டும். தூசி புகாது, பீய்ச்சும் தண்ணீரும் புகாது என்று பொருள். பெட்டி வரும்போது அப்படித்தான் வருகிறது. வயர் இழுப்பவர் மேலே ஒரு ஓட்டை போட்டு, ஒரு கிளாண்டை மறந்துவிட்டுப் போனால் அந்த 65 அன்றே போய்விடும். நான் பார்த்த பெட்டியில் அப்படி ஒரு ஓட்டை இருந்தது. உள்ளே எறும்புப் புற்று, பல்லி எச்சம். வயர்கள் பெட்டியின் அடிப்புறமாக, கிளாண்டு வழியாக மட்டுமே நுழைய வேண்டும். நுழையும் முன் கொஞ்சம் தொய்வு விட்டு வளைத்தால் வயரைப் பிடித்து வழியும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நம் பகுதியில் வயல்கள் எப்படி மூழ்கின என்பது நினைவிருக்கும். தண்ணீர் புகுந்த பெட்டிகளில் ஒரு தனி ஆபத்து உண்டு. மின்வாரியக் கரண்ட் என்றால் யாராவது கொடுத்தால்தான் வரும். பேனல் அப்படியல்ல, மேகம் விலகியதும் தானாகவே வோல்ட் கொடுக்கத் தொடங்கிவிடும். புயல் எச்சரிக்கை வந்த உடனே ஐசொலேட்டரை அணைத்துவிடுங்கள். தண்ணீர் புகுந்த பெட்டியை, உள்ளே கழுவித் துடைத்து உலர்த்தாமல், வெயில் வந்துவிட்டது என்று ஓட்டிப் பார்க்காதீர்கள். உப்புத் தண்ணீர் பட்ட கனெக்டர்களை மாற்றிவிடுவதே நல்லது.

மானியத்தில் பெற்ற பம்புகளுக்கு, 2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில், ஐந்தாண்டு பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு. அந்தக் காலத்துக்குள் வெளி மெக்கானிக் பெட்டியைத் திறந்தால் உத்தரவாதத்தை மறுக்க அது காரணமாகிவிடும். ஆனால் புகார் சொன்னால் உடனே வருகிறார்களா என்பது வேறு விஷயம். இந்த விவசாயிக்குப் போர்டு மாற்றிக் கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. அதுவரை பக்கத்து நிலத்து மோட்டாரிலிருந்து விலைக்குத் தண்ணீர் வாங்கி இரண்டு முறை பாய்ச்சினார். இரண்டு பாத்திகளில் விழுது இறங்காமலே போனது. ஓராண்டுக்கு முன் ஸ்க்ரூ தேய்ந்தபோதும் நிறுவனத்துக்குத்தான் முதலில் போன் செய்தாராம், ஆள் வராததால்தான் உள்ளூர் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறார். அவரை எப்படிக் குறை சொல்வது? புகாரைப் போனில் சொல்வதோடு நிறுத்தாமல், பெட்டியின் வரிசை எண்ணோடும் போட்டோவோடும் எழுத்தில் கொடுத்து, அதன் நகலை வேளாண் பொறியியல் அலுவலகத்துக்கும் அனுப்பி வையுங்கள். பிறகு வேறு வழியில்லாமல் ஒருவரைக் கூப்பிட நேர்ந்தாலும் உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், புரட்டாசிக்குள் ஒரு நாள் ஒதுக்கி, மெக்கானிக்கோடு பெட்டியைத் திறந்து பாருங்கள். ஐசொலேட்டரை முந்தைய நாள் மாலையே அணைத்துவிட்டால் காலையில் வேலை தொடங்கப் பாதுகாப்பாக இருக்கும். டெர்மினல் பிளாக்கின் இரண்டு வயர்களுக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொடி தெரிந்தால் உப்பு, துடைத்துவிடலாம். தலைமுடி அளவுக்குப் பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரு கோடு தெரிந்தால் துடைத்தாலும் போகாது. அந்தக் கனெக்டரை அன்றே மாற்றுங்கள், அடியில் போர்டும் கறுத்திருந்தால் அந்தப் பகுதியைச் சுரண்டி எடுக்காமல் மறுபடி இணைக்க விடாதீர்கள்.